கத்தி தொடாத டாக்டரம்மா

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தபோது மருமகளின் வாய் நிறையப் பற்பசை நுரை. அப்படியே போய்க் கதவைத் திறந்தாள். மேல்மாடி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கையில் பெரிய எக்ஸ்ரே உறை.

"டாக்டரம்மா, எழுந்தாச்சா?"

மருமகள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. எந்த டாக்டரம்மா என்று கேட்கலாமென்றால் வாயைத் திறக்க வழியில்லை.

அதற்குள் மாமியார் சமையலறையிலிருந்து பறந்து வந்தார். "வாங்க டீச்சர், வாங்க. உட்காருங்க. இப்பதான் எழுந்தா. நேத்து ஒரே நாள்ல ஒன்பது ஆபரேஷன். பாவம், உட்காரவே நேரமில்ல."

ஒன்பது என்பது உண்மை. உட்கார நேரமில்லை என்பதும் உண்மை. அந்த ஒன்பதில் ஒன்றைக்கூட மருமகள் செய்யவில்லை என்பதை மட்டும் மாமியார் சொல்லவில்லை.

மருமகள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான். ஆனால் அவள் படித்தது மருத்துவம் அல்ல; வணிகவியல் முடித்துவிட்டு, அதற்கு மேல் இரண்டு வருடம் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட், அதிலும் மருத்துவமனைகளுக்கென்றே உள்ள தனிப் பிரிவு. ஓர் ஆபரேஷன் நடக்க வேண்டுமென்றால் சர்ஜன், மயக்க டாக்டர், நர்ஸ், கருவித் தட்டு, நோயாளி, முடிந்ததும் அவரைக் கிடத்தப் படுக்கை ஆகிய ஆறும் சொன்ன நேரத்தில் சொன்ன இடத்துக்கு வந்து சேர வேண்டும். உலகத்தில் எந்த ஆறும் தானாக வந்து சேராது. சேர வைப்பதுதான் அவள் வேலை. மற்றபடி, காய் நறுக்கும்போது விரலில் கீறல் பட்டால்கூட அவளுக்குக் கண் இருட்டும்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, மாமியாரின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அத்தை, அவங்ககிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

"நான் என்னத்தைச் சொன்னேன்? லிஃப்டுல பார்த்தாங்க. மருமக என்ன பண்றான்னு கேட்டாங்க. ஆபரேஷன்ல மேல்படிப்பு படிச்சிருக்கா, ஆஸ்பத்திரியில அவ சொல்ற நேரத்துக்குத்தான் எல்லா டாக்டரும் கத்தியைக் கையில எடுப்பாங்கன்னு சொன்னேன். இதுல எது பொய்?"

மருமகள் யோசித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"நான் டாக்டர் இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஏம்மா, கலெக்டர் வீட்டு வாசல்ல நின்னு 'இவரு தாசில்தார் இல்லை'ன்னா சொல்லுவாங்க? நீ டாக்டருக்கெல்லாம் மேலதானே?"

மாமியார் மனதார அப்படித்தான் நம்பினார். மருமகளைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்து உட்காரும் பூரிப்பைப் பார்த்தால் எதிர்த்துப் பேச மனசு வராது. குடிவந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் மாமியாருக்கு இருபது சிநேகிதிகள்.

மருமகள் கூடத்துக்கு வந்து, டீச்சருக்கு எதிரே உட்கார்ந்தாள். "டீச்சர், நான் டாக்டர் இல்ல. நான் ஆபரேஷன் பண்ண மாட்டேன். பண்றவங்களுக்கு எல்லாம் சரியா நடக்குதான்னு பார்த்துப்பேன். அவ்வளவுதான்."

டீச்சர் மரியாதையோடு தலையாட்டினார். "புரியுதும்மா. ரொம்பப் பெரியவங்க கத்தியைத் தொடறதில்லைன்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன்."

"அப்படி இல்ல டீச்சர்…"

"இந்த முட்டிக்காக உங்க ஆஸ்பத்திரிக்கே மூணு தடவை போயிட்டேன். ஒவ்வொரு தடவையும் காலையில போனா சாயங்காலம்தான் வரேன். அப்பவும் டாக்டரைப் பார்க்க முடியல."

இது மருமகளுக்குத் தெரிந்த வியாதி. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. "எத்தனை மணிக்குப் போறீங்க?"

"ஒன்பதுக்கு."

"அதான் தப்பு. ஒன்பதுக்கு ஊரே வரும். செவ்வாய்க்கிழமை பதினொண்ணே காலுக்குப் போங்க. மூட்டு டாக்டர் வார்டை எல்லாம் சுத்திட்டு அப்பதான் வந்து உட்காருவாரு. சீட்டுப் போடறதுக்கு முன்னாடியே எக்ஸ்ரேயைக் கொடுத்துடுங்க."

டீச்சர் செவ்வாய்க்கிழமை போனார். நாற்பதே நிமிடத்தில் வீடு திரும்பினார். ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று மாலைக்குள் நான்கு மாடிக்கும் செய்தி போய்விட்டது.

"எக்ஸ்ரேயைக் கையில வாங்கிக்கூடப் பார்க்கல. என் முகத்தைப் பார்த்தாங்க, நேரத்தைச் சொன்னாங்க. ஆபரேஷனே வேண்டாம்னு ஆயிடுச்சு!"

புதன்கிழமை மூன்று பேர் வந்தார்கள். வியாழக்கிழமை ஏழு பேர். மாமியார் சாப்பாட்டு மேசை நாற்காலிகளைக் கூடத்தில் வரிசையாகப் போட்டு, வருகிறவர்களுக்கு டீ கொடுத்தார். வெள்ளிக்கிழமை வீடு திரும்பிய மருமகள் வாசலில் செருப்புகளை எண்ணிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவன் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். எதற்கும் அசராதவன். "இதுக்குப் போய் ஏன் கவலைப்படறே? கதவுல ஒரு அறிவிப்பு ஒட்டிட்டா போச்சு. எழுத்துல பார்த்தா எல்லாரும் நம்புவாங்க," என்றான்.

இருவருமாக உட்கார்ந்து எழுதினார்கள். 'இங்கு வசிப்பவர் மருத்துவர் அல்லர். ஆபரேஷன்ஸ் மேலாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்றவர். தயவுசெய்து எக்ஸ்ரே, ஸ்கேன் முதலியவற்றைக் கொண்டுவர வேண்டாம்.' கணவன் தன் அழகான கையெழுத்தில், சிவப்பு மையில் எழுதி ஒட்டினான்.

மறுநாள் காலை வாட்ச்மேன் அதன் முன்னால் நின்று, கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெறும் மருத்துவர் இல்லையாம். மேலாண்மையாம். பேர்லயே 'மேல்' இருக்கு பாருங்க. அதுலயும் முதுகலை. முதுகுக்கும் பார்ப்பாங்க."

"எக்ஸ்ரே வேணாம்னு போட்டிருக்கே?"

"அவங்களுக்கு எதுக்குங்க எக்ஸ்ரே? வெறும் கண்ணாலயே தெரியும்."

அன்று முதுகுவலிக்காரர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவரும் எக்ஸ்ரே கொண்டுவரவில்லை. அறிவிப்பை அந்த அளவுக்கு மதித்தார்கள்.

"பொதுவுல எழுந்து பேசிடு," என்றான் கணவன். "ஞாயித்துக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம் இருக்கு. உன் படிப்பு என்னன்னு விளக்கிச் சொல்லிடு. நானும் பக்கத்துல இருக்கேன்."

அவன் பக்கத்தில் இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் ஒரு தண்ணீர் பாட்டிலோடு எழுந்து நின்றாள். வகுப்பில் பேராசிரியர் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தையே எளிமையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

"இந்த பாட்டிலைப் பாருங்க. உள்ள எவ்வளவு தண்ணி இருந்தாலும் வெளிய வர்றது இந்தக் கழுத்து வழியாத்தான். கழுத்து குறுகலா இருந்தா எல்லாம் அங்கயே நின்னுடும். அந்த மாதிரி எங்க அடைப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சு எடுத்துவிடறதுதான் என் வேலை."

முன்வரிசையில் நான்கு பேர் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் கவனிக்கவில்லை. உற்சாகமாகத் தொடர்ந்தாள். "அப்புறம் 'லீன்', அதாவது மெலிசுன்னு ஒரு முறை இருக்கு. வேண்டாதது எவ்வளவு சேர்ந்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுடுவோம்."

"எவ்வளவு நாள்ல?" என்று சங்கச் செயலாளரின் மனைவி எழுந்து கேட்டார்.

"சரியா செஞ்சா மூணே மாசத்துல முப்பது சதவீதம் குறையும்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. இந்த இடத்தில்தான் கணவனுக்குப் பெருமை தாங்கவில்லை. தரக் கட்டுப்பாட்டில் உயர்ந்த சான்றிதழ் வாங்கியவர்களை அந்தத் துறையில் பிளாக் பெல்ட் என்பார்கள். மருமகள் போன வருடம்தான் அதை வாங்கியிருந்தாள்.

"அவ பிளாக் பெல்ட் வேற!" என்று அவன் கைதட்டினான்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

அடுத்த நாளிலிருந்து முழங்கால், முதுகு இரண்டோடு கழுத்தும் சேர்ந்துகொண்டது. உடம்பைக் குறைக்கச் செயலாளரின் மனைவியும் அவர் தங்கையும் காலையில் வந்தார்கள். மாலையில் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து, "ஆன்ட்டி, உங்ககிட்ட கராத்தே கத்துக்கணும்னு அம்மா சொன்னாங்க" என்றாள்.

எதிர்வீட்டுக்காரர் வந்தது அன்றைக்குத்தான்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இவர்கள் குடிவந்த நாள் முதல் மருத்துவ விடுப்பில் வீட்டிலேயே இருந்தார். குடலிறக்கம். ஆபரேஷனுக்காக வேறோர் ஆஸ்பத்திரிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை போனவர், இரண்டு முறையும் அன்றைக்கே பையோடு திரும்பி வந்துவிட்டார். கத்தியைக் கண்டதும் ஓடி வந்துவிட்டார் என்று கட்டடமே சொல்லிச் சிரித்தது. சங்கக் கூட்டத்தில் மருமகள் பேசியபோது, சிரிக்காமல், கழுத்தைத் தடவாமல், ஒரு சின்ன நோட்டில் குறிப்பெடுத்தவர் அவர் ஒருவர்தான்.

"மேடம், ஒரு பத்து நிமிஷம் கிடைக்குமா?"

"சார், முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல."

"சரி. ஒரு நாளைக்கு எத்தனை ஆபரேஷன்?"

மருமகள் பெருமூச்சு விட்டாள். இன்னொருவர். "எட்டு, ஒன்பது இருக்கும்."

"எத்தனை அறை?"

"மூணு."

"முதல் ஆள் எத்தனை மணிக்கு உள்ள போவாரு?"

"எட்டரைக்கு."

"எட்டரைன்னா எட்டரையா, இல்ல எட்டரை மாதிரியா?"

மருமகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எட்டரைன்னா எட்டரைதான் சார். போன மாசம் இருபத்தாறு நாள்ல இருபத்துமூணு நாள் டாண்ணு எட்டரை."

"மீதி மூணு?"

"ரெண்டு நாள் மயக்க டாக்டர் லேட். ஒரு நாள் லிஃப்ட் நின்னுடுச்சு."

அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். "நடுவுல ஒண்ணு இழுத்துக்கிச்சுன்னா, பின்னால காத்திருக்கறவங்களை என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்து அறைக்குத் திருப்பி விட்டுடுவேன். அதுக்குன்னே மூணாவது அறையில நடுவுல ஒரு மணி நேரம் காலியா வெச்சிருப்பேன்."

"காலியாவா! மேலிடத்துல அதுக்கு ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்க வெக்கிறதுக்குள்ள ஒரு வருஷம் ஆச்சு சார்."

"ஆகும், ஆகும்," என்றார் அவர், பிரிந்துபோன உறவைக் கண்டுபிடித்த மாதிரி.

பத்து நிமிடம் ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு தடவை டீ வந்தது. மருமகளுக்கு நேரம் போனதே தெரியவில்லை. கல்யாணமாகி நான்கு வருடத்தில் கணவன்கூட அவள் வேலையைப் பற்றி இவ்வளவு கேட்டதில்லை. பயந்த மனுஷன், கேள்வி கேட்டே தைரியம் தேடிக்கொள்கிறார் என்று அவளுக்கு அவர் மேல் இரக்கமும் வந்தது.

எதிர்வீட்டுக்காரர் நோட்டை மூடினார். "முடிவு பண்ணிட்டேன் மேடம். என் ஆபரேஷனை நீங்கதான் நடத்தணும்."

மருமகள் டீ டம்ளரைச் சட்டென்று கீழே வைத்தாள். "ஐயோ சார்! எனக்குக் கத்தி பிடிக்கவே தெரியாது. ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வரும்."

"நீங்க எதுக்கு ரத்தத்தைப் பார்க்கறீங்க? நீங்க கடிகாரத்தைப் பாருங்க."

"சார், நான் டாக்டர் இல்ல, டாக்டர் இல்ல, டாக்டர் இல்ல."

"அது எனக்கு எதுக்கு மேடம்? நீங்க இருப்பீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க. நீங்க இருந்தா நான் வந்து படுக்கறேன். இல்லைன்னா இந்த வலியோடயே இருந்துட்டுப் போறேன்."

சமையலறை வாசலில் நின்றிருந்த மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருமை.

அதற்குள் எதிர்வீட்டு அக்கா, அதாவது அவர் மனைவி, மாடிப்படியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். "அவரு ஆபரேஷன் எதிர்வீட்டு மேடம் பொறுப்புல." அது நான்காம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் 'மேடம் கையால' என்று ஆகிவிட்டது.

புதன்கிழமை அவருக்கு வலி அதிகமானது. மருமகளே அழைத்துப்போய்த் தன் ஆஸ்பத்திரி சர்ஜனிடம் காட்டினாள். சர்ஜன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இனிமேல் தள்ளிப்போட்டால் குடல் மாட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும், வெள்ளிக்கிழமையே முடித்துவிட வேண்டும் என்றார்.

"மேடம் பொறுப்புல விட்டாச்சு டாக்டர். அவங்க சொல்ற நேரத்துக்கு வரேன்," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அவர் போனதும் சர்ஜன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இருபது வருடம் கத்தி பிடித்தவர். "இவரு என்ன சொல்லிட்டுப் போறாரு? நீங்கதான் பண்ணப்போறீங்களா? அப்ப நான் பக்கத்துல நின்னு பஞ்சு எடுத்துக் கொடுக்கவா?"

மருமகள் எக்ஸ்ரே டீச்சர் தொடங்கிக் கராத்தே வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். சர்ஜன் சிரிக்கவில்லை. ஆனால் அவருடைய தொப்பை குலுங்கியது.

"கையெழுத்து வாங்கும்போது என் பேரைத் தெளிவா வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது."

மருமகள் சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்துப் படித்துக் காட்டினாள். "ஆபரேஷன் செய்பவர்… பாருங்க சார்… சர்ஜன் பேரு போட்டிருக்கு. என் பேரு இல்ல."

"ஆமாமாம், அவரு இல்லாம எப்படி?" என்றார் எதிர்வீட்டுக்காரர் தாராளமாக. "அவரும் வரட்டும்." கையெழுத்தையும் போட்டார்.

சர்ஜனிடம் இதைச் சொல்லும் தைரியம் மருமகளுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து பத்துக்கு நேரம் குறித்திருந்தாள். வியாழக்கிழமையே கருவித் தட்டை இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். மயக்க டாக்டருக்கு மூன்று முறை போன் செய்தாள். அவள் மனதில் இருந்தது ஒன்றுதான்: இந்த மனுஷன் மூன்றாம் முறையும் பயந்து எழுந்து ஓடிவிடக் கூடாது. ஓடினால் உயிருக்கு ஆபத்து. அவர் படுக்கப்போவது ஒரு தப்பான நம்பிக்கையில். அந்த நம்பிக்கையை ஆபரேஷன் முடிகிற வரைக்குமாவது கலைக்காமல் காப்பாற்ற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தவள், கட்டடத்து ஆட்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்யவில்லை.

டாக்டரம்மா முதல் முறையாகக் கத்தியைத் தொடப்போகிறார் என்று, மாமியார் தலைமையில் பதினான்கு பேர் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கணவனும் வந்தான். பதினான்கு பேரும் ஒரே லிஃப்டில் ஏறினார்கள். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. கருவித் தட்டு கீழ்த்தளத்தில் வண்டியோடு காத்துக்கொண்டிருந்தது.

மருமகள் தட்டைப் படி வழியாகத் தூக்கி வரச் சொன்னாள். லிஃப்டைக் கிளப்பி ஆட்களை மீட்டு, அனைவரையும் கேன்டீனுக்கு அனுப்பினாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. கேன்டீனில் மயக்க டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் கழுத்துக்காரர்கள் நான்கு பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முதுகுக்காரர்கள் பின்னால் இடம் பிடித்தார்கள். செயலாளரின் மனைவி, மூன்று மாதத்தில் முப்பது சதவீதம் குறைவது உடம்புக்கு நல்லதா என்று விசாரித்தார்.

மணி பத்து பத்து. ஆபரேஷன் அறையில் சர்ஜன் இருந்தார், நர்ஸ் இருந்தார், தட்டு வந்துவிட்டது. மயக்க டாக்டரைத்தான் காணோம்.

மருமகள் மூன்று மாடி ஓடி இறங்கிக் கேன்டீனை எட்டிப் பார்த்தாள். கூட்டத்துக்கு மேலே மயக்க டாக்டரின் ஒரு கை மட்டும் தெரிந்தது.

"ஏங்க! எதையாவது பண்ணுங்க!" என்று கணவனைப் பார்த்துக் கத்தினாள்.

கணவன் பையிலிருந்து விசிலை எடுத்து, பலம் கொண்ட மட்டும் ஊதினான். கேன்டீன் அப்படியே உறைந்தது. "ரெண்டு ரெண்டு பேரா வரிசையில நில்லுங்க! கை நீட்டி இடைவெளி விடுங்க!" டீச்சர் உட்பட எல்லோரும் கையை நீட்டினார்கள். அந்த இடைவெளியில் மருமகள் மயக்க டாக்டரை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் தள்ளுவண்டியில் மல்லாந்து படுத்திருந்தார். ஓடிவிடவில்லை. பயந்ததாகவும் தெரியவில்லை. மூச்சு வாங்க வந்து நின்ற மருமகளைப் பார்த்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"எத்தனை நிமிஷம் லேட், மேடம்?"

"ஏழு, சார்." அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"ஏழுதானே? பிடிச்சுடலாம். நீங்க மட்டும் இங்கேயே நில்லுங்க."

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மருமகள் கதவுக்கு வெளியே, சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே, அசையாமல் நின்றாள். பதினொன்று முப்பத்தைந்துக்கு முடியும் என்று பட்டியலில் எழுதியிருந்தாள். சர்ஜன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தபோது மணி பதினொன்று முப்பத்துநான்கு.

"உங்க ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, டாக்டரம்மா," என்று சொல்லிவிட்டு நடந்தார் அவர். இந்த முறை தொப்பையோடு அவரும் சேர்ந்து சிரித்தார்.

மாலை நான்கு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் வார்டில் நன்றாக விழித்துக்கொண்டார். ஜன்னல் வழியாக வெயில் இதமாக விழுந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா கட்டிலருகில் உட்கார்ந்து பையிலிருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மாமியார் நடைபாதையில் யாரோ ஒரு நர்ஸிடம் "அந்த அறையில இருக்கறவருக்கு இன்னிக்கு என் மருமகதான்…" என்று தொடங்குவது கேட்டது.

மருமகள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இனி தள்ளிப்போடக் கூடாது. தையல் பிரியும் அளவுக்கு அவருக்குக் கோபம் வந்தாலும் வரட்டும்.

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். தயவுசெஞ்சு இப்பவாவது காது கொடுத்துக் கேளுங்க. உங்களுக்கு ஆபரேஷன் பண்ணது சர்ஜன்தான். நான் உள்ளேகூட வரல. கதவுக்கு வெளிய நின்னுட்டு மணி பார்த்துட்டிருந்தேன். என்னை டாக்டர்னு நம்பி வந்துட்டீங்க. நான் சத்தியமா டாக்டர் இல்ல சார்."

எதிர்வீட்டுக்காரர் சிரிக்கத் தொடங்கினார். தையல் இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். பேச முடியாமல், நீயே சொல்லேன் என்பதுபோல மனைவியைப் பார்த்தார்.

எதிர்வீட்டு அக்கா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டார். "அது அவருக்கு எப்பவோ தெரியும்மா. ரெண்டு தடவை திரும்பி வந்தாரே, பயந்துட்டா வந்தாரு? ஒரு தடவை டாக்டர் இருந்தாரு, அறை காலியில்ல. இன்னொரு தடவை அறை இருந்துது, டாக்டர் வரல. அதான் உங்களை விடாம பிடிச்சுக்கிட்டாரு."

"அப்ப நான் யாருன்னு…"

"அது தெரியாமலா? இவரு முப்பது வருஷமா ஸ்டேஷன் மாஸ்டர்மா. இன்னிக்கு வரைக்கும் ஒரு ரயில்கூட ஓட்டினதில்ல!"